கேட்டது கிடைக்கும், விலையை யார் கொடுப்பது?

காற்றும் மழையுமான ஓர் இரவு. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு சார்ஜென்ட் மேஜர் பழைய நண்பர் வீட்டுக்கு வருகிறார். இந்தியாவில் ஒரு பக்கீர் மந்திரித்தது என்று சொல்லி, காய்ந்து சுருங்கிய குரங்குக் கையொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். மூன்று வரம் தருமாம். காட்டியவரே அதைத் தூக்கி நெருப்பில் போடுகிறார். வீட்டுக்காரர் பதறிப்போய் எடுத்துவிடுகிறார். வீட்டுக் கடன் தீர 200 பவுண்டு போதுமே என்று மகன் விளையாட்டாக எடுத்துக்கொடுக்க, அப்பா அதையே கேட்கிறார். மறுநாள், மகன் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து ஓர் ஆள் வருகிறான். பையன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். ஆலை பொறுப்பேற்காது, ஆனாலும் அவன் உழைப்பை மதித்து ஒரு தொகை கொடுக்கிறது. எவ்வளவு என்று கேட்கிறார் அப்பா. இருநூறு பவுண்டு.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'குரங்குக் கை' கதையின் முற்பாதி இது. பிற்பாதியில், மகனைத் திரும்பக் கேள் என்று தாய் கணவரை நெருக்குகிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மேல் தாழ்ப்பாளுக்கு எட்டிப் போராடுகிறாள். அவர் இருட்டில் தரையெல்லாம் துழாவி அந்தக் கையைத் தேடுகிறார், மூன்றாவது வரத்தைக் கேட்க. கதவு திறக்கும்போது வெளியே ஆளில்லாத சாலை மட்டும். தட்டியது எந்தக் கோலத்தில் நின்றது என்று கதை காட்டவே இல்லை.

பேய்க்கதை, ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் மூன்றையும் விடாமல் படிக்கும் வாசகன் நான். மூன்றையும் வேறு வேறு வகை என்று புத்தகக் கடைகள் பிரித்து அடுக்குகின்றன. எனக்கு மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேள்விதான்: இந்தக் கதையில் நடக்கும் அதிசயத்துக்கு விலை கொடுப்பது யார்? அதற்குப் பதில் உள்ள புத்தகம் வருடக்கணக்கில் கூடவே வருகிறது. பதில் இல்லாதது, எவ்வளவு பெரிய டிராகன் வந்தாலும், கடைசிப் பக்கத்தோடு போய்விடுகிறது. இனி வருவதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாசகன் சொல்லும் அபிப்பிராயங்கள். சில கதைகளின் முடிவையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. முடிவு தெரிந்தால் வீரியம் குறைந்துவிடும் புத்தகம் எதையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பழையனூரின் எழுபது பேர்

இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நம் ஊர்க் கதைதான். திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலி கதை. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிதீர்க்கப் பேயாக வருகிறாள் நீலி. அவன் வணிகன், அவன் கையில் ஒரு வாள் இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் என்னை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேரும் அவளை நம்புகிறார்கள். வாளைக் கொடுத்துவிட்டு மனைவியோடு இரு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்குகிறார்கள். கதையின் ஒரு வடிவத்தில், வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவர் செய்தி கேட்டு அங்கேயே கலப்பைக் கொழுவால் உயிரை விடுகிறார்.

உலகத்தின் எந்தப் பேய்க்கதைத் தொகுப்பிலும் முதல் வரிசையில் வைக்க வேண்டிய கதை இது. இதில் பேய் பயமுறுத்துவது குறைவு. அவள் கேட்பது பழைய கணக்கின் பாக்கிதான். நம்மை உலுக்குவது அந்த எழுபது பேர். தப்பு அவர்களுடையதில்லை. பேயின் அழுகையை நம்பி ஏமாந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் சொன்ன சொல்லுக்கு விலை உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த விலையைக் குறைத்துக் கேட்கச் சபையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பெற்றவன் ஓடிப்போன பிள்ளை

சயின்ஸ் ஃபிக்‌ஷனின் தொடக்கம் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரியில் லண்டனில் 500 பிரதிகள் அச்சாகி வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் அதை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு 18 வயது. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவே வெயில் காணாமல் கிடந்த கோடை அது. வெளியே போக முடியாத நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பந்தயம் கட்டினார்கள். அதில் பிறந்தது இந்த நாவல் என்பது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் தகவல்கள் வேறு இரண்டு. மேரி பிறந்த சில நாட்களிலேயே அவருடைய தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார். 1815இல் மேரிக்குப் பிறந்த முதல் பெண் குழந்தை இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை.

இவற்றை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், நாவல் ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியின் கதையாக நிற்பதில்லை. விக்டர் தான் உருவாக்கிய உயிர் கண் திறந்த அன்றே அதைப் பார்க்கச் சகியாமல் அறையை விட்டு ஓடுகிறான். அது அவன் படுக்கையருகே வந்து கையை நீட்டுகிறது, மறுபடி ஓடுகிறான். கடைசிவரை அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. காட்டில் அலைந்து, ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டடியில் ஒளிந்து, சுவர் இடுக்கு வழியே பார்த்துப் பார்த்து அது பேசக் கற்றுக்கொள்ளும் அத்தியாயங்கள்தான் நாவலின் உயிர். இரவில் அவர்களுக்கு விறகு வெட்டி வாசலில் போடுகிறது. கண் தெரியாத கிழவரிடம் மட்டும் தைரியமாகப் பேசுகிறது. அவரும் அன்பாகப் பேசுகிறார். கண் தெரிந்த மகன் உள்ளே வந்ததும் தடியால் அடித்து விரட்டுகிறான். அதற்குப் பிறகுதான் அது கொலை செய்கிறது.

செத்தவர்களை எழுப்பியதை விக்டரின் குற்றமாக ஷெல்லி எழுதவில்லை என்பது என் துணிபு. எழுப்பியதை வளர்க்காமல் விட்டதுதான் குற்றம். தம்பி, தோழன், மனைவி என்று விலை கொடுத்தவர்கள் எல்லோரும் விக்டரைச் சுற்றி இருந்தவர்கள். செய்யாத கொலைக்காகத் தூக்கில் தொங்கிய வேலைக்காரப் பெண் ஜஸ்டினை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது. அவள் நிரபராதி என்று தெரிந்தும், உண்மையில் கொன்றது எது என்பதை விக்டர் வெளியே சொல்லவில்லை.

யாருடைய கை?

திகில் கதைகளில் ரத்தத்தை எதிர்பார்ப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) முதல் நாலு அத்தியாயங்களில் எட்டும் உச்சத்தை அதன் பிறகு எட்டவில்லை, நடுப்பகுதி தொய்கிறது. ஆனால் அதிலுள்ள சட்டங்கள் அருமை. வீட்டில் உள்ளவர் யாராவது அழைத்தால் ஒழிய அவனால் முதல்முறை உள்ளே நுழைய முடியாது. சொந்த மண்ணில்தான் அவன் தூங்க முடியும். அதனால் ஐம்பது பெட்டி மண்ணோடு கப்பலேறி இங்கிலாந்து வருகிறான். பிசாசுக்கும் கைகட்டு போட்ட எழுத்தாளர் ஸ்டோக்கர். அதற்குப் பின் வந்த பல படங்கள் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, பதிலுக்குச் சத்தத்தைக் கூட்டின.

ஷர்லி ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' நாவல் (1959) நான் படித்த பேய்வீட்டுக் கதைகளிலேயே உச்சம். எலினார் நோயாளித் தாயைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவள். தாய் போன பிறகு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். ஆய்வுக்காக ஒரு பேய்வீட்டில் தங்க வரச்சொல்லிக் கடிதம் வந்ததும், அக்காவுக்கும் தனக்கும் பொதுவான காரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஓர் இரவு பக்கத்து அறையிலிருந்து முனகலும் குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. இருட்டில் தோழி தியோடராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தாங்கிக்கொள்கிறாள். விளக்கு வருகிறது. தியோடரா எதிர்க் கட்டிலில் இப்போதுதான் தூக்கம் கலைந்து எழுந்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கை? ஜாக்சன் அதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

அந்தக் காட்சியின் பயம் கையில் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தவள் எலினார். அந்த வீடு அதைத் தெரிந்துகொண்டது. தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற ஆசைக்கு அவள் கடைசியில் கொடுப்பது தன் உயிரை. ஆளில்லாமல் வயதாகிப்போகும் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ யதார்த்த நாவல்களைவிட இது அவர்களை நன்றாகத் தெரிந்து எழுதியது.

நம்மிடம் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், நடுராத்திரியில் அறைக்குள் வரும் வாடை, பிச்சை கேட்டு வந்து வேலைக்குச் சேர்ந்துவிடும் ஒரு பெண். இவற்றைத் தவிர வேறு சாமான் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. நடந்தது பேயா, பிரமையா என்று அவரும் சொல்லவில்லை. சுஜாதா 'கொலையுதிர் கால'த்தில் அதே சந்தேகத்தை ஒரு நாவல் முழுக்க இழுத்துப் பிடித்தார்: துப்பறியும் வக்கீல் கணேஷ் அறிவியல் விளக்கம் தேட, உதவியாளன் வசந்த் பேயையும் நம்பத் தயாராக இருக்க, குமுதம் வாசகர்கள் வாராவாரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். 2024இல் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் கோயிலையும் காவல் தெய்வத்தையும் சித்தர்களையும் வைத்து இந்தப் பாதையை விரிவாக்கினார். தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' ஓடிய காலத்தில் தெருக்கள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காவல் தெய்வமான கருப்பு தண்டிக்கிறது என்றால் தண்டனை பெறுபவன் என்ன தப்புச் செய்தான் என்ற கணக்கு அவர் கதைகளில் தெளிவாக இருக்கும். மர்மம் அவிழும் இடங்களில் பேச்சு அதிகமாகிவிடும், அது குறைதான்.

ஸ்டீஃபன் கிங் நிறைய எழுதியிருக்கிறார். ஒன்றே ஒன்று படிக்கப் போகிறீர்கள் என்றால் 'பெட் செமட்டரி' (1983) படியுங்கள். லாரி அடித்துச் செத்த பூனையை அதற்கென்று உள்ள மண்ணில் புதைத்தால் திரும்பி வருகிறது, ஆனால் பழைய பூனையாக வருவதில்லை. அதைக் கண்ணால் பார்த்த டாக்டர்தான், பிறகு இரண்டு வயது மகனையும் லாரிக்குப் பறிகொடுக்கிறார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பிள்ளையைப் பெற்ற யாரும் அந்த மனிதனைக் கண்டிக்க மாட்டார்கள். எழுதி முடித்த பிறகு இதை வெளியிடவே மனமில்லாமல் வைத்திருந்ததாகக் கிங்கே சொல்லியிருக்கிறார். ஜேக்கப்ஸின் குறுங்கதை விட்ட இடத்தில் இந்த நாவல் கதவைத் திறந்துவிடுகிறது.

மந்திரத்துக்கும் சட்டம் உண்டு

ஃபேன்டஸி என்றதும் இங்கிலீஷ் இறக்குமதி என்று நினைப்பவர்கள் அம்புலிமாமாவை மறந்தவர்கள். 1947இல் தொடங்கிய அந்த இதழில் சங்கர் வரைந்த படம், ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் நடந்து வருவது, பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளின் கண்ணில் ஒட்டியிருக்கிறது. அந்தக் கதையின் சட்டத்தைக் கவனியுங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அறிவாளியாக இருப்பதற்கே அவன் கால்நடையாக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறான். மூலத்தில் 25 கதைகள்தான். அவை தீர்ந்த பிறகும் இதழ் பல பத்தாண்டுகள் புதுக்கதை கட்டி ஓட்டியது என்றால் அந்தச் சட்டத்தின் பலம் அப்படி.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55) மூன்று பாகங்களிலும் நீளமான நில வர்ணனைகள் உண்டு, பாட்டுகள் உண்டு; பொறுமை இல்லாதவர்கள் பாட்டுகளைத் தாண்டிப் போனால் நான் குறை சொல்ல மாட்டேன். அழித்தாக வேண்டிய தீய மோதிரத்தை எரிமலைவரை சுமந்துபோகும் ஃப்ரோடோ, கடைசி நொடியில் அதை எறிய மறுத்துத் தனதாக்கிக்கொள்கிறான். நாயகன் தோற்கிறான். மோதிர வெறியில் பின்தொடர்ந்து வந்த கோலம் என்பவன் அவன் விரலைக் கடித்துப் பிடுங்கித் தவறி விழுவதால்தான் உலகம் தப்புகிறது. ஊர் திரும்பிய பிறகும் ஃப்ரோடோவுக்குக் காயம் ஆறுவதில்லை. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் வலி திரும்புகிறது. காப்பாற்றிய ஊரில் அவனால் வாழ முடியாமல் கப்பலேறுகிறான். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர் டோல்கீன். 1918க்குள் ஒருவரைத் தவிர தம் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் இறந்துபோனதாக அவரே எழுதியிருக்கிறார். போரிலிருந்து திரும்பியும் திரும்பாதவர்களை அவர் அறிவார்.

ஹாரி பாட்டர் வரிசையை விரும்பிப் படித்தேன். பள்ளிக்கூட வாழ்க்கையை ரௌலிங் போல ருசியாக எழுதியவர் குறைவு. ஆனால் மந்திரம் அங்கே பெரும்பாலும் மலிவு. மூன்றாவது புத்தகத்தில் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் ஒரு கருவி வருகிறது. அது ஒன்று இருந்தால் அடுத்து வரும் எந்தச் சாவையும் தடுத்துவிடலாமே என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். ஐந்தாவது புத்தகத்தில் அந்தக் கருவிகள் இருந்த அலமாரியையே உடைத்துப் போட்டார் ஆசிரியர். ஜார்ஜ் மார்ட்டின் விஷயம் வேறு. நேர்மைக்கு அவருடைய நாயகன் நெட் ஸ்டார்க் தலையைக் கொடுத்தபோது இந்த மனிதர் கணக்குத் தெரிந்தவர் என்று புரிந்தது. 1996இல் தொடங்கிய அந்த நாவல் வரிசையில் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவர் உர்சுலா லெ குவின். 1968இல் வந்த அவருடைய 'எர்த்ஸீ' முதல் நாவல் 200 பக்கத்தைச் சுற்றித்தான். தீவுக்கூட்டம் நிறைந்த உலகம். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அதன் மேல் அதிகாரம் உண்டு. ஆட்டிடையனாக இருந்த கெட் மந்திரப் பள்ளியில் சேர்கிறான். மேட்டிமை பேசும் சக மாணவன்மேல் உள்ள பொறாமையில், தன் திறமையைக் காட்ட இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். உலகில் ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியே ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் குதறுகிறது. கிழிசலை மூடத் தலைமை மந்திரவாதியான முதியவர் தம் சக்தியெல்லாம் செலவழித்து இறந்துபோகிறார். ஒரு பையனின் வீறாப்புக்கு ஒரு பெரியவரின் உயிர் விலை. மீதி நாவல் முழுக்க நிழல் அவனைத் துரத்துகிறது, பிறகு அவன் அதைத் துரத்துகிறான். நடுக்கடலில் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது அவன் அதற்கு வைக்கும் பெயர் அவனுடைய சொந்தப் பெயர்.

கெட் செம்புநிறத் தோல் கொண்டவன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளைக்காரர்கள் அந்த உலகில் தூரத்துக் கொள்ளைக்காரர்களாக வருகிறார்கள். 1968இல் அமெரிக்காவில் சிறுவர் புத்தகம் ஒன்றில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கெட்டை வெள்ளையனாக்கிவிட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்துப் பகிரங்கமாகவே எழுதினார். அவர் அதோடு விடவில்லை. 1990இல் எழுதிய 'தெஹானு'வில் கெட் எல்லா சக்தியையும் இழந்து, ஆடு மேய்க்கத் திரும்புகிறான். கதையின் மையத்தில் ஒரு விதவையும், தீயில் கருக்கப்பட்ட ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். பெரிய மந்திரவாதிகள் உலகைக் காத்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டுக்குள் யார் எரிக்கப்பட்டார்கள் என்று தன் முந்தைய புத்தகங்களையே கேள்வி கேட்ட எழுத்தாளர் அவர்.

தமிழில் இந்த அளவுக்குப் பெரிய கனவைக் கட்டியது ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). ஒரு கோயில் நகரம் முழுக்கக் கற்பனையில் எழுந்து, வாழ்ந்து, அழிகிறது. தத்துவ விவாதப் பகுதியில் பலர் திணறுவார்கள். திணறினாலும் விடாமல் போங்கள்.

எண்ணாகிப்போன மனிதர்கள்

1905இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில இதழில் ஒரு சிறுகதை வெளியானது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன். 'சுல்தானாவின் கனவு' என்ற அந்தக் கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து தண்ணீரை இறக்குகிறார்கள், எதிரிப் படையைச் சூரிய ஒளியாலேயே விரட்டுகிறார்கள். இந்திய சயின்ஸ் ஃபிக்‌ஷனின் முன்னோடிகளில் ஒன்று நம் சென்னையில் அச்சேறியது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. ஹெச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' அதற்கு ஏழு வருடம் முந்தியது. செவ்வாய்க் கிரகத்தார் லண்டனை நசுக்கும் கதையின் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர்கள் அழித்ததை வெல்ஸ் நினைவூட்டிவிடுகிறார். இந்தத் துறையின் நல்ல எழுத்தாளர்கள் ராக்கெட்டைப் பற்றி எழுதும்போதும் பக்கத்து வீட்டு அநியாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தது 80களில். அதில் மக்களுக்குப் பெயர் இரண்டெழுத்து, மற்றபடி எண்தான். குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். நாயகி நிலாவின் வீட்டுக்கு வாடகைக்கு வரும் ரவி கூடவே கொண்டுவரும் ஜீனோ என்ற இயந்திர நாய், புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, கடைசியில் சுற்றியுள்ள மனிதர்களைவிட அதிகம் மனிதனாகிவிடுகிறது. நாடே பூஜிக்கும் தலைவர் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவரும் இடத்தை ஒரு திருப்பமாக அன்றைக்கு ரசித்தோம். பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் எந்த வேலையும் நடக்காத இன்றைக்குப் படித்தால், சௌகரியத்துக்காக எதையெல்லாம் கொடுத்துவிட்டோம் என்ற கணக்காக அது தெரிகிறது. இரண்டாம் பாகமான 'மீண்டும் ஜீனோ' அந்த வேகத்தில் இல்லை. இருந்தாலும் ஜீனோவுக்காக அதையும் படிக்கலாம்.

லியூ சிசினின் 'மூன்று உடல் பிரச்சினை'யில் பாத்திரங்கள் மெலிவு. விஞ்ஞானம்தான் அங்கே நாயகன். ஆனால் கலாசாரப் புரட்சிக் காலத்தில் தன் தந்தை மேடையில் அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்த பெண், வருடங்கள் கழித்து வேற்றுக்கிரகத்தின் குரலுக்குப் பதில் அனுப்பும் இடம் மறக்காது. பதில் சொல்லாதே, சொன்னால் உங்கள் உலகம் போய்விடும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்தே எச்சரிக்கை வருகிறது. தெரிந்தே பொத்தானை அழுத்துகிறாள். 2015இல் ஹ்யூகோ பரிசு வென்ற இந்தப் புத்தகத்தின் மீதி நூற்றுக்கணக்கான பக்கங்களையும் அந்த ஒரு விரல்தான் தாங்குகிறது.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்' (1979) வேறு ஜாதி. 1976இல் கலிஃபோர்னியாவில் புது வீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும் கறுப்பினப் பெண் டேனா, திடீரென்று அடிமைமுறைக் கால மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே பண்ணை முதலாளியின் மகன் ரூஃபஸ் சாகும் ஆபத்தில் இருக்கும்போதெல்லாம் அவள் போய்க் காப்பாற்றியாக வேண்டும். காரணம், அவன் அவளுடைய மூதாதை. அவன் ஆலிஸ் என்ற பெண்ணைப் பலவந்தப்படுத்திக் குழந்தை பெற்றால்தான் டேனாவின் வம்சம் உண்டு. ஆக, தான் பிறக்க வேண்டுமானால் அந்தக் கொடுமைக்கு அவள் துணைபோக வேண்டும். காலப்பயணக் கதைகளில் இவ்வளவு குரூரமான, இவ்வளவு நேர்மையான முடிச்சு வேறெதிலும் இல்லை. கடைசிப் பயணத்தில் அவளுடைய இடது கை சுவரோடு போய்விடுகிறது. அந்தக் காலத்துக்குப் போய் முழு உடம்போடு திரும்ப முடியாது என்பதில் பட்லர் உறுதியாக இருந்தார்.

இரும்புத்திரைக்கு அப்பால்

இந்தத் துறையின் சிகரம் எங்கே என்று கேட்டால் போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் கை காட்டுவேன். ஸ்டானிஸ்லாவ் லெம்மின் 'சொலாரிஸ்' (1961) நாவலில், ஒரு கிரகத்தை மூடியிருக்கும் கடல் உயிருள்ளது. அதை ஆராய வந்தவர்களின் மனதைத் துழாவி, அவர்கள் மறக்க முடியாத ஒருவரை உருவாக்கி அனுப்புகிறது. அவர்களில் ஒருவனான கெல்வினுக்கு வருவது தற்கொலை செய்துகொண்ட மனைவி. அவளுடைய உடையில் பொத்தான்கள் இருக்கின்றன, ஆனால் அவை அலங்காரம்தான். அந்த உடையைத் திறக்க வழியே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. அவன் நினைவிலிருந்து நெய்தவள் அல்லவா? உடை எப்படித் திறக்கும் என்பது அவன் ஞாபகத்தில் இல்லை போலும். பயந்துபோய் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். மறுபடி ஒருத்தி வருகிறாள், எதுவுமே தெரியாமல். நாற்காலியில் இப்போது ஒரே மாதிரி வெட்டப்பட்ட இரண்டு வெள்ளை உடைகள். துக்கத்தைப் பற்றி நான் படித்ததிலேயே என்னை அதிகம் நடுங்கவைத்தது அந்த இரண்டு உடைகள்தான்.

அர்க்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் 'சாலையோரச் சிற்றுலா' 1972இல் வெளிவந்தது. வேற்றுக்கிரகத்தார் வந்து தங்கிப் போய்விட்டார்கள். மனிதர்களை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் விட்டுப்போன பொருட்கள் கிடக்கும் ஆபத்தான மண்டலத்துக்குள் திருட்டுத்தனமாகப் போய் எடுத்துவந்து விற்கிறவன் ரெட். மண்டலம் அவன் மகளைப் பாதிக்கிறது. அந்தக் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக மனுஷத்தன்மையை இழக்கிறது. கேட்டதைத் தரும் பொன்னுருண்டை ஒன்று மண்டலத்தின் உள்ளே இருக்கிறதாம். அதன் வழியில் ஒரு பொறி. ஓர் ஆளைப் பலி வாங்கினால்தான் சிறிது நேரம் அடங்கும். ரெட் ஓர் இளைஞனைக் கூட்டிப்போகிறான், எதற்கென்று தெரிந்தே. அந்தப் பையனோ உருண்டையைக் கண்டதும், உலகத்தார் அத்தனை பேருக்கும் நல்வாழ்வு வேண்டும் என்று கத்திக்கொண்டே ஓடி மடிகிறான். உருண்டையின் முன்னால் வந்து நிற்கும் ரெட்டுக்குத் தனக்கென்று கேட்க ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. தான் பலிகொடுத்தவன் கத்திய அதே வரத்தைத்தான் அவனும் கேட்கிறான். அது கிடைத்ததா என்று நாவல் சொல்லவில்லை. தர்க்கோவ்ஸ்கி 1979இல் இதைத் தழுவி 'ஸ்டாக்கர்' படத்தை எடுத்தார். அதைப் பார்த்தவர்களும் நாவலைப் படிக்க வேண்டும்; இரண்டும் வேறு வேறு.

நான் சொன்ன அயல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் ஓடாத ஒரு பதினாலு வயதுப் பிள்ளை, எர்த்ஸீயையோ சொலாரிஸையோ கிராமத்து நூலகத்தில் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மொழிபெயர்க்கும் பதிப்பகங்கள் நோபல் பட்டியலைப் பார்க்கும் அக்கறையில் கொஞ்சத்தை இந்த அலமாரிக்கும் கொடுக்க வேண்டும். வார இதழ் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சின்னது. 80களில் ஓர் இயந்திர நாயின் கதையை வாராவாரம் அச்சிட்டு, லட்சக்கணக்கான வீடுகளுக்குள் சயின்ஸ் ஃபிக்‌ஷனைக் கொண்டுபோனது தமிழ் வார இதழ்தான். எழுதத் தெரிந்த இளைஞர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொடர் எழுத இடம்தான் இல்லை. உங்கள் அடுத்த தொடர்கதைகளில் ஒன்றை அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.